கோய்ச்சா லா: முதல் நாள் இரவு சாச்சேனிலா, சோக்காவிலா?

கோயம்புத்தூரிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் சிக்கிமின் கோய்ச்சா லா கணவாய்ப் பாதையில் நடக்கப் போகிறீர்கள். கூடாரம், படுக்கை, துணி, உணவில் ஒரு பங்கு என்று ஆளுக்கு 16 கிலோவை நீங்களே சுமக்க விரும்புகிறீர்கள். நடை தொடங்கும் ஊரான யுக்சத்திலிருந்து முதல் நாளே சோக்கா வரை போய்விட்டால் ஒரு நாள் மிச்சம் என்கிறார் உங்கள் ஏற்பாட்டாளர். பாதி வழியில் சாச்சேனில் தங்குங்கள் என்கிறார், போய்வந்த நண்பர் ஒருவர். வெள்ளியங்கிரியை ஆறு முறை ஏறியவர்களுக்கு 16 கிலோமீட்டர் ஒரு பொருட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். குழுவில் ஒருவருக்கு வயது 52, முழங்காலில் பழைய வலி என்பதைக் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். இந்த இரண்டு இடங்களில் எது என்பதுதான் மேலோட்டமான கேள்வி. ஆனால் அந்தக் கடைசி வரியைப் படித்தபோது, உங்கள் மனத்தில் இருப்பது வேறு என்று தோன்றியது. சுமையோடு எவ்வளவு ஏற முடியும் என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா என்றுதான் கேட்கிறீர்கள். உண்டு.

முதலில் நேரடியான பதில்: சாச்சேனில் தங்குங்கள். அதற்கான காரணங்களில் சில உறுதியானவை, சில என் அனுபவத்தின் கணிப்பு. எது எது என்று பிரித்தே சொல்கிறேன். டார்ஜீலிங்கில் உள்ள இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி பெற்றவன் நான். அங்கே படிப்பவர்களைப் பயிற்சி முகாமுக்கு அழைத்துச் செல்வது இதே யுக்சம் வழியாகத்தான். அதன்பின் சிறு குழுக்களோடு பலமுறை இந்தக் காட்டைக் கடந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆகவே மாத்திரை பற்றியும் முழங்கால் பற்றியும் சொல்லும் இடங்களில் உங்கள் மருத்துவரின் சொல்லே முடிவு.

பாதையை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். யுக்சம் சுமார் 1,780 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வயல்களைத் தாண்டியதும் அடர்ந்த காடு தொடங்கும். பாதை மலைச்சரிவின் ஓரமாகவே போகும். ஒவ்வொரு ஓடையும் குறுக்கிடும்போது இறங்கி, தொங்குபாலத்தைக் கடந்து, இறங்கியதை மறுபடி ஏற வேண்டும். சாச்சேன் சுமார் 2,200 மீட்டர். யுக்சத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர். அதற்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் பிரேக் சூ ஆற்றின் மேல் பெரிய பாலம் வரும். அந்தப் பாலம் வரை நீங்கள் நடந்ததை ஏற்றம் என்றே சொல்ல முடியாது. பாலத்தின் மறுகரையில் கால் வைத்ததும் பாதை நிமிர்ந்துகொள்ளும். அங்கிருந்து பாக்கிம் வரை 500 மீட்டருக்கு மேல் தொடர்ந்து வளைந்து வளைந்து ஏற்றம், அதன்பின் சோக்கா வரை இன்னும் 300 மீட்டர். சோக்கா சுமார் 3,050 மீட்டர். அதாவது, இந்த நாளின் செங்குத்தான பகுதி முழுவதும் கடைசியில்தான் வருகிறது. கால்கள் புதிதாக இருக்கும் காலையில் சமதரை, களைத்துப்போன பிற்பகலில் ஏற்றம். "16 கிலோமீட்டர்" என்ற ஒற்றை எண் இதை மறைத்துவிடுகிறது.

இப்போது கணக்கு. ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு எளிய விதி சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் உலகெங்கும் புழங்கும் விதி இது. யுக்சத்துக்கும் சோக்காவுக்கும் இடையிலான உயர வேறுபாடு 1,270 மீட்டர்தான் என்றாலும், பாலங்களில் இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. தூரத்துக்கு 3.2 மணி, ஏற்றத்துக்கு 2.5 மணி, மொத்தம் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நெய்ஸ்மித் நினைத்தது தேர்ந்த, சுமை குறைந்த மனிதரை. 16 கிலோ பையோடு முதல்முறை வருபவர்களுக்கு நான் ஒன்றரை மடங்கு போடுவேன். இந்த ஒன்றரை என்பது ஆய்வில் வந்த எண் இல்லை. குழுக்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் படிந்தது. அப்படிப் போட்டால் எட்டரை மணி நேரம். சாப்பாடு, ஓய்வு, படம் எடுப்பது, ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். ஒன்பதரை. காலை 7 மணிக்குக் கிளம்பினால் மாலை 4.30. சாச்சேனுக்கு இதே கணக்கைப் போட்டால் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மாலை 4.30 தானே, ஆறரை மணி வரை வெளிச்சம் இருக்குமே என்று தோன்றலாம். இங்கேதான் தென்னிந்தியர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நாடு முழுவதும் ஒரே கடிகாரம். சூரியன் அப்படி இல்லை. சிக்கிம் கிழக்கே வெகு தூரத்தில் இருப்பதால் அக்டோபர் நடுவில் அங்கே மாலை ஐந்தேகால் மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். கோவையில் அதே நாளில் ஆறு மணி ஆகும். அதிலும் நீங்கள் இருக்கப்போவது ஆழமான பள்ளத்தாக்கில், அடர்ந்த மரங்களுக்குக் கீழே. நாலரை மணிக்கே கல்லும் வேரும் பிரித்தறிய முடியாமல் போகும். ஆக, உங்களுக்குக் கணக்கில் மிஞ்சுவது முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஒருவருக்குக் காலில் கொப்புளம், ஒரு மழை, எதிரே வரும் சுமை மாடுகளுக்கு ஒதுங்கி நிற்பது, இவற்றில் ஒன்று போதும் அந்த முக்கால் மணியைத் தின்ன.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். குழுக்களை அழைத்துச் செல்லத் தொடங்கிய காலத்தில், ஆறு பேரோடு முதல் நாளே சோக்கா என்று திட்டமிட்டேன். காலையில் அனுமதிச் சீட்டுக்கு ஒருவருடைய அடையாள அட்டை நகல் இல்லை. நகல் எடுக்கும் இடம் திறக்கும் வரை காத்திருந்து, கிளம்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அப்போதே சாச்சேன் என்று மாற்றியிருக்க வேண்டும். போட்ட திட்டம் போட்டதுதான் என்று நடந்தேன். பிரேக் சூ பாலத்தைக் கடந்தபோது மூன்றரை மணி. பாக்கிமுக்குக் கீழேயே இருட்டிவிட்டது. நெற்றி விளக்கு நான்கு பேரின் பையில் அடியில் கிடந்தது. பையைக் கொட்டித் தேடினோம். சோக்காவை அடைந்தபோது எட்டு மணி. ஒரு பெண் அன்றிரவு எதையும் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தார். அது உயரத்தாலா, களைப்பாலா, உணவு இல்லாததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவரோடு நானும் கீழே இறங்கினேன். கஞ்சன்ஜங்காவைப் பார்க்க இரண்டு ஆண்டு காசு சேர்த்து வந்தவர் அவர். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

அந்த வாந்திக்குக் காரணம் தெரியாமல் போனதுதான் என் கவலையின் மையம். உயர நோய் என்பது தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி. அளவுக்கு மீறிய களைப்பும் இதே முகத்தோடுதான் வரும். முதல் நாள் உடலை வறுத்தெடுத்துவிட்டால் இரண்டாம் நாள் காலையில் வரும் தலைவலிக்கு எதைக் காரணம் சொல்வீர்கள்? மேலே போகலாமா, கூடாதா என்று எதை வைத்து முடிவெடுப்பீர்கள்? முதல் நாளை அளவோடு வைத்துக்கொண்டால் உடல் சொல்வது தெளிவாகக் கேட்கும்.

உயரத்தைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது இது. 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. 4,000 மீட்டரில் 60 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவில் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே உயரத்தில் தங்குங்கள் என்பது மலை மருத்துவத்தின் பொது வழிகாட்டுதல். சோக்காவுக்கு அடுத்து எல்லாரும் தங்கும் ஜோங்ரி சுமார் 4,020 மீட்டர். ஒரே தாவலில் 970 மீட்டர், பரிந்துரைத்ததைப் போல இரு மடங்கு. உங்கள் ஏற்பாட்டாளரின் திட்டப்படி நீங்கள் நியூ ஜல்பைகுரியில் ரயிலைவிட்டு இறங்கிய மூன்றாம் இரவே 4,000 மீட்டரில் படுக்கிறீர்கள். இது பலருக்குச் சரியாகவே போய்விடுகிறது என்பதையும் மறைக்க மாட்டேன். யாருக்குச் சரியாகப் போகாது என்பதை முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. மலையேற்றத் தகுதியுள்ள உடல் என்பது இதற்குக் காப்பு அல்ல; மாரத்தான் ஓடுபவர்களும் படுத்திருக்கிறார்கள்.

உங்களில் கணக்கில் கெட்டியான ஒருவர் இங்கே குறுக்கிட வேண்டும். முதல் நாள் சோக்கா போய், இரண்டாம் நாள் அங்கேயே ஓய்வெடுத்து, மூன்றாம் நாள் ஜோங்ரி போனால் என்ன? சாச்சேன், சோக்கா, ஜோங்ரி என்று போவதற்கும் அதே நாட்கள்தானே ஆகும்? நியாயமான கேள்வி. உயரத்துக்குப் பழகுவதை மட்டும் பார்த்தால், 3,050 மீட்டரில் இரண்டு இரவு என்பது அந்தத் திட்டத்துக்குச் சாதகம். சுமையை மாடுகளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரும் மழைக்கோட்டும் மட்டும் தூக்கிவரும் உறுதியான குழுவுக்கு நானே அதைச் சொல்வேன். உங்கள் நிலை வேறு: 16 கிலோ, முதல் இமயமலைப் பயணம், ஒரு வலியுள்ள முழங்கால். நடையை முடித்தபின் கையில் மூன்று நாட்கள் மிச்சம் வைத்து டார்ஜீலிங் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றில் இரண்டை முன்னால் கொண்டுவாருங்கள். முதல் இரவு சாச்சேன், இரண்டாம் மூன்றாம் இரவுகள் சோக்கா, நான்காம் நாள் ஜோங்ரி. சோக்காவின் ஓய்வு நாளில் படுத்துக் கிடக்காமல், பை இல்லாமல், ஜோங்ரி போகும் வழியில் மேலே உள்ள பெடாங் வரை நடந்துவிட்டு வந்து படுங்கள். ஜோங்ரியிலும் இரண்டு இரவு தங்க முடியுமானால் இன்னும் நல்லது. மிச்சமுள்ள ஒரு நாள் வானிலைக்கு.

சாச்சேன் அழகான இடம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மரங்கள் நெருக்கிய சின்ன இடம். ஈரம் காயாது. மழை பின்வாங்கத் தாமதித்த ஆண்டுகளில் அக்டோபரிலும் அட்டைகள் இருக்கும். சிகரம் எதுவும் தெரியாது. சோக்காவில் விழித்தால் பாண்டிம் சிகரம் எதிரே நிற்கும். அந்த ஆசையில்தான் பலர் முதல் நாளே ஓடுகிறார்கள். மறுநாள் பகலில் நிதானமாக அங்கே போய்ச் சேர்வீர்கள். பாண்டிம் எங்கும் போய்விடாது.

வெள்ளியங்கிரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த நம்பிக்கை உங்களிடம் உண்மையானது, மதிப்புள்ளதும்கூட. ஏழு மலை ஏறி இறங்கிய கால் நிச்சயம் பலமான கால். வழுக்குப்பாறையில் அடி வைத்தவருக்கு ஏற்றம் கண்டு பயம் வராது. ஆனால் அங்கே கையில் மூங்கில் தடி, தோளில் ஒரு துணிப்பை. இரவின் குளிர்ச்சியில் ஏறுகிறீர்கள், ஆண்டி சுனையில் குளித்துவிட்டுத் தரிசனம் முடித்து அன்றே இறங்கி வீட்டில் போய் உறங்குகிறீர்கள். உடலிடம் இருப்பதை முழுக்கச் செலவழிக்கலாம். மறுநாள் படிக்கட்டு இறங்க முடியாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கோய்ச்சா லாவில் முதல் நாளுக்குப் பின் இன்னும் எட்டு நாள் இருக்கிறது. வெள்ளியங்கிரி உங்களுக்குச் சொல்லாமல் விட்ட இரண்டு செய்திகள் உண்டு: முதுகில் சுமை ஏறினால் உங்கள் வேகம் எவ்வளவு குறைகிறது, மறுநாளும் அதே கால் எழுந்து நடக்கிறதா.

அதை ஊரிலேயே அளந்துவிடலாம். மருதமலைப் படிகளுக்கு அதிகாலையில் போங்கள். அதே காலணி, அதே பை, உண்மையான 16 கிலோ. நிற்காமல் பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூன்று மணி நேரம். கைபேசியில் உயரம் காட்டும் செயலி ஒன்று வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரத்தில் மொத்தம் எத்தனை மீட்டர் ஏறினீர்கள் என்று கூட்டுங்கள். முதல் மணியில் ஏறியதையும் மூன்றாம் மணியில் ஏறியதையும் தனித்தனியே எழுதுங்கள். மூன்றாம் மணியில் எண் வெகுவாகச் சரிந்தால், அந்தச் சரிந்த எண்தான் பிரேக் சூ பாலத்துக்கு மேலே உங்கள் வேகம். மறுநாள் காலை அதையே ஒரு மணி நேரம் செய்து பாருங்கள். என் ஒன்றரை மடங்கை அப்போது தூக்கிப்போட்டுவிட்டு உங்கள் சொந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். நால்வரில் மிக மெதுவானவருடைய எண்தான் குழுவின் எண். இதைப் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்கினால் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும். புது ஷூவைப் பழக்கவும் அதே ஆறு வாரம்தான் வேண்டும்.

அந்தச் சோதனைக்குப் பின் 16 கிலோவை நீங்களே குறைப்பீர்கள் என்று நினைக்கிறேன். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது பழைய வழக்கம். 65 கிலோ மனிதருக்கு 13 கிலோ. அதுவும் கடுமையான அறிவியல் எல்லை இல்லை, நல்ல வழிகாட்டி மட்டுமே. எங்கே குறைப்பது? இரண்டு பேருக்கு ஒரு கூடாரம் என்றால் துணியை ஒருவரும் கம்பிகளை ஒருவரும் பிரித்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் எடையும் கூடும், உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். மூன்று லிட்டர் தண்ணீரோடு கிளம்புவது மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது; இந்தக் காட்டில் வழி நெடுக ஓடைகள் உண்டு. ஒன்றரை லிட்டர் போதும். எடுக்கும் இடத்தில் குளோரின் மாத்திரை போட்டு, அதன் உறையில் சொன்ன நேரம் பொறுத்துக் குடியுங்கள். மேலே மாடுகள் மேயும் காடு, ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் எடை இறங்கவில்லை என்றால், முழங்கால் வலியுள்ளவரின் பையில் பாதியையும் பொதுவான உணவையும் சுமை மாட்டிடம் கொடுங்கள். எல்லாவற்றையும் நாமே சுமக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அந்த மகிழ்ச்சி எனக்கும் தெரியும். ஆனால் அதை இன்னொருவரின் முழங்காலில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பையை அடுக்குவதில் ஒரே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கனமானது முதுகை ஒட்டி, நடுவில். உணவு, அடுப்பு, கூடாரக் கம்பி அங்கே. படுக்கை அடியில். மழைக்கோட்டும் நெற்றி விளக்கும் மேலே, கையை விட்டதும் எடுக்கும்படி. இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள், பிறகு தோள் பட்டை. சுமையில் பெரும்பகுதி இடுப்பு எலும்பில் உட்கார வேண்டும். தோள் வலித்தால் பட்டை தவறாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள், வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பொருளல்ல.

அன்றைய நாள் இப்படிப் போகட்டும். அனுமதி, காவல் நிலையப் பதிவு, அடையாள அட்டை நகல்கள் எல்லாம் முந்தைய நாளே யுக்சத்தில் முடித்துவிட வேண்டும். சோதனைச் சாவடியில் நீங்கள் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பொருட்களைக் குறித்துக்கொள்வார்கள். திரும்பும்போது அதைக் காட்ட வேண்டும். பிஸ்கட் உறைகளை முன்பே பிரித்து ஒரே டப்பாவில் போட்டால் உங்களுக்கும் சுலபம், காட்டுக்கும் நல்லது. காலை 7 மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். உடம்பில் லேசாகக் குளிர் இருக்கும்போதே கிளம்புங்கள். கம்பளிச் சட்டையோடு கிளம்பினால் பத்து நிமிடத்தில் வியர்வையில் நனைந்துவிடும், அந்த ஈரம் மாலையில் உங்களை வாட்டும். முதல் அரை மணி முடிந்ததும் கட்டாயம் நில்லுங்கள். காலணியைக் கழற்றிப் பாருங்கள். எங்காவது தோல் சூடாக, சிவப்பாக இருந்தால் அப்போதே மேலே ஒட்டுப் போடுங்கள். கொப்புளம் வந்தபின் செய்வதற்கு அதிகம் இல்லை. அதன்பின் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் ஓய்வு போதும். அரை மணி உட்கார்ந்தால் தசை இறுகி, எழும்போது கால் மறுக்கும்.

வேகத்துக்கு அளவு உங்கள் பேச்சுதான். முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள், நிற்காதீர்கள். ஓடி நின்று ஓடி நின்று போவதுதான் உடலை அதிகம் சோர்வாக்கும். செங்குத்தான இடத்தில் ஒவ்வோர் அடியிலும் பின்னங்காலை முழுதாக நிமிர்த்தி, எலும்பின் மேல் எடையை ஒரு நொடி நிறுத்திவிட்டு அடுத்த அடி வையுங்கள். அந்த ஒரு நொடியில் தொடைத் தசைக்கு ஓய்வு கிடைக்கும். பயிற்சியில் எங்களுக்கு முதல் நாள் கற்றுத்தந்தது இதுதான், இன்றும் நான் நடப்பது இப்படித்தான். மிக மெதுவானவர் முன்னால் நடக்கட்டும், வலுவானவர் கடைசியில் வரட்டும். பசிக்கும் முன்பே, மணிக்கொரு முறை கடலை மிட்டாயோ பேரீச்சையோ கொஞ்சம். தண்ணீர் தாகத்துக்குத் தகுந்தபடி. மலையில் நாளுக்கு ஐந்து லிட்டர் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உப்பில்லாமல் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், அது ஆபத்தானது. அதிகமாக வியர்த்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு பொட்டலம். எதிரே சுமை மாடுகள் மணியோசையோடு வந்தால் எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்தே கீழே தள்ளிவிடும். மாடுகள் பாலத்தில் இருக்கும்போது நீங்கள் ஏறாதீர்கள்.

52 வயது நண்பருக்குத் தனியாக. ஏறும்போது முழங்கால் பெரும்பாலும் ஒத்துழைக்கும். வலி வருவது இறங்கும்போது. இந்தப் பாதையில் போன வழியே திரும்ப வேண்டும், கடைசி நாளில் நீண்ட இறக்கம் காத்திருக்கிறது. ஒரு கோலுக்குப் பதிலாக இரண்டு நடைக்கோல்கள் வைத்துக்கொள்ளட்டும், இறக்கத்தில் அவற்றைச் சற்று நீட்டிக்கொள்ளட்டும். முழங்காலைத் தாங்குவதில் அவை உண்மையாகவே உதவுகின்றன. மருதமலைச் சோதனையில் அவருக்கு ஏறும்போது அல்ல, இறங்கிய மறுநாள் வீக்கம் வருகிறதா என்று பாருங்கள். வீங்கினால் எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். அவருடைய முழங்காலில் என்ன பழுது என்பதை ஒரு பத்தி எழுத்திலிருந்து நான் கணிக்க முடியாது, கணிக்கவும் கூடாது.

அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உயர நோயைத் தடுப்பதில் அது பயனுள்ளது என்பது நிறுவப்பட்டது. வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு முறை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக எடுக்கக் கூடாது; மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு வருவது நல்லது. விரல் நுனி மரமரப்பும் அடிக்கடி சிறுநீரும் அதன் இயல்பான விளைவு. நான் சொன்ன நிதானமான நாட்களில் போனால் பலருக்கு அது தேவைப்படாது. அவசரத் திட்டத்தைக் காப்பாற்றுவதற்காக மாத்திரை போடுவதை நான் ஏற்க மாட்டேன். பூண்டு ரசம் குடியுங்கள், உடம்புக்கு இதமாக இருக்கும். கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்று பலர் ஒரு முடிச்சு கட்டிக்கொண்டு வருகிறார்கள். மூக்கில் குளிர்ச்சி தெரியுமே தவிர, இரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது. அந்த நம்பிக்கையில் தலைவலியோடு மேலே போவதுதான் கெடுதல்.

இவ்வளவுக்குப் பிறகும் நால்வரும் கூடி சோக்காவே என்று முடிவெடுத்தால், ஒரு நிபந்தனையோடு போங்கள். பிரேக் சூ பாலத்தை மதியம் 12.30க்குள் கடக்க வேண்டும், அப்போது நால்வரும் பேசிச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் சாச்சேனுக்குத் திரும்பிவந்து கூடாரம் போடுங்கள். இதைப் பாலத்தில் நின்று விவாதிக்கக் கூடாது. களைத்த மூளை எப்போதும் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றே சொல்லும். யுக்சத்தில் முந்தைய இரவே வழிகாட்டியிடம் சொல்லி, சாச்சேனில் தங்க நேர்ந்தாலும் சமையல் சாமான் சுமந்துவரும் மாடுகள் முன்னால் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை சோக்கா போய்விட்டால் உங்களுக்கும் அங்கே போவதைத் தவிர வேறு வழி இருக்காது. நான் பார்த்த பல கட்டாய இருட்டு நடைகள் இந்த ஒரு காரணத்தால் நடந்தவை.

சாச்சேனை மதியம் ஒரு மணிக்குள் அடைந்துவிடுவீர்கள். போனதும் படுக்காதீர்கள். ஈர உடுப்பை உடனே மாற்றுங்கள், சூடாக ஏதாவது குடியுங்கள், கால் இடுக்குகளிலும் சாக்ஸ் விளிம்பிலும் அட்டை இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பாருங்கள். ஒட்டிய அட்டையை வெடுக்கென்று பிடுங்காமல் நகத்தால் ஓரமாக நெருடி எடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போட்டு, மறுநாள் பையை அடுக்கி, விளக்கைத் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். சாப்பிடும்போது ஒவ்வொருவரும் மூன்று செய்தி சொல்ல வேண்டும்: தலை வலிக்கிறதா, சோறு இறங்குகிறதா, கால் எப்படி இருக்கிறது. வெட்கப்பட்டு மறைப்பவர் யார் என்பது நண்பர்களாகிய உங்களுக்குத் தெரியும்; அவரிடம் இரண்டு முறை கேளுங்கள். மறுநாள் காலையில் அதே மூன்று கேள்வி மறுபடியும். அந்த விடைகளை ஒரு தாளில் குறித்துவைத்து வழிகாட்டியிடம் காட்டிவிட்டுப் பாலத்தை நோக்கி இறங்குங்கள்.